டிசைனர் கோட்டும் சீசன் ஃபேஷனும்: இதுக்குள்ள நம்ம ஸ்டைல் எங்க நிக்குது?

சாம்பல்வெயில்
திங்கள், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிக்க மட்டும்தான் வருவேன். இன்னைக்கு மனசு கேக்கல, எழுதிடறேன்.

எனக்குத் துணின்னா உயிர். பாரிஸ், மிலான் ஷோவெல்லாம் ராத்திரி முழிச்சிருந்து பார்ப்பேன். ஆனா நான் உடுத்தறது வருஷக்கணக்கா ஒரே மாதிரிதான். கருநீலம், காலர் இல்லாத கழுத்து, முழங்கைக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் மடிச்சு விட்ட கை. காலேஜ்ல இங்க் வச்சு படம் வரைவேன், கஃப் எல்லாம் கறையாகுதுன்னு மடிக்க ஆரம்பிச்சது. அப்புறம் அதுவே நானாயிட்டேன். தூரத்துல வரும்போதே அந்தக் கையை வச்சுக் கண்டுபிடிச்சிடுவாங்க.

இந்தக் குளிர்காலத்துக்காக ஒன்றரை வருஷம் காசு சேர்த்து ஒரு டிசைனர் கோட்டு வாங்கினேன். ஒட்டக நிறக் கம்பளி. பெரிய மடிப்புக் காலர், என் தோளைத் தாண்டி வெளிய நிக்கிற தோள், விரல் நுனி வரைக்கும் மூடற கை. ஷோல பார்த்தப்போ கண்ணுல தண்ணி வந்துச்சு, அவ்வளவு அழகு.

முதல் நாள் போட்டுட்டுப் போனேன். ஏழு பேர் "கோட்டு பிரமாதம்"னாங்க. எட்டு வருஷமா பக்கத்து சீட்டுல உட்கார்ற தோழி லிஃப்ட்ல என்னைப் பார்த்துட்டு, "நீன்னே தெரியலடி, யாரோன்னு ஒதுங்கி நின்னேன்"னா. அது முள்ளு மாதிரி உள்ள நிக்குது. ஆள் பாதி ஆடை பாதிம்பாங்க. அன்னைக்கு எனக்கு ஆடையே முழுசாயிடுச்சு.

கோட்டை விக்கிற எண்ணம் இல்ல. "டிசைனர் உடையே வேண்டாம், விட்டுடு"ங்கிற பதிலும் வேண்டாம். சீசனுக்கு ஏத்த மாதிரியும் உடுத்தணும், ஒரு டிசைனரோட கைவேலையையும் மதிக்கணும், அதுக்குள்ள நானும் இருக்கணும். இதை எப்படிச் செய்யறீங்க? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

---

கத்தரிமேசை
திங்கள், இரவு 11:30

வணக்கம் தங்கச்சி. 22 வருஷமா பேட்டர்ன் வெட்டுறவன் நான், அதனால துணி பக்கத்திலிருந்து சொல்றேன்.

முதல்ல சீசன்ங்கிற சொல். பெண்களுக்கான குளிர்கால உடைகளை பிப்ரவரி-மார்ச்ல மேடையில காட்டுவாங்க, கோடைக்கானதை செப்டம்பர்-அக்டோபர்ல. கடைக்கு வர ஆறு மாசம் ஆகும். துணி ஆர்டர் கொடுத்து, நெய்து, வெட்டி, தைச்சு வர்றதுக்கான அவகாசம் அது. வெளியில வெயில் கொளுத்தும்போதே கோட்டு வந்து தொங்கறது அதனாலதான். நடுவுல க்ரூஸ், ப்ரீ-ஃபால்னு இன்னும் ரெண்டு இடைச் சீசன். இது தொழிலோட காலண்டர். உங்க உடம்புக்குக் குளிர்றதும் வேர்க்கறதும் இதைக் கேட்டுக்கிட்டு நடக்காது.

அடுத்தது, மேடையில வர்ற உடுப்பு நெடுநெடுன்னு வளர்ந்த மாடலோட அளவுக்கு வெட்டின சாம்பிள். கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கறவங்களுக்கும், கேமராவுக்கும் அந்தத் தோள் தெரியணும். அதனால அளவு கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும். அதே வடிவத்தை சைஸ் குறைச்சு உங்களுக்குக் கொடுக்கறாங்க.

நீங்க எழுதினதுலேயே பதில் இருக்கு. உங்களை ஊர் அடையாளம் கண்டுக்கிட்டது அந்த மடிச்ச கையாலயும் திறந்த கழுத்தாலயும். கோட்டு ரெண்டையும் மூடிடுச்சு. நிறமும் வேற. மூணும் ஒரே நாள்ல போனா தோழி என்ன செய்வாங்க?

எனக்கு மூணு விவரம் வேணும். கை முனையில இருக்கற பட்டனுக்குக் காஜா நிஜமா வெட்டியிருக்கா, சும்மா பட்டன் மட்டும் தைச்சிருக்கா? லைனிங் என்ன துணி? மூணாவது, கீழ் பட்டன் காஜா பக்கத்துல முன் துணியையும் உள் துணியையும் ரெண்டு விரலால தனித்தனியாக் கிள்ளி இழுத்துப் பாருங்க. நடுவுல மூணாவதா ஒரு துணி நழுவுதா?

---

லினன்பித்தன்
செவ்வாய், காலை 6:15

நான் இருக்கற இடத்துல வருஷம் பூரா வெயில். கோட்டே போட்டதில்ல. ஆனாலும் எனக்கு சீசன் உண்டு, அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு ஒரு சட்டை வடிவம் இருக்கு. நேரா விழற உடம்பு, ரெண்டு பெரிய பை, கழுத்துல நிக்கிற பட்டைக் காலர். ஒரு டிசைனர் கிட்ட வாங்கினது, கிழியற வரைக்கும் போட்டேன். அப்புறம் அதையே மாதிரியா வச்சு மூணு துணியில தைச்சுக்கிட்டேன். ஒண்ணு லினன், உச்சி வெயிலுக்கு. இன்னொண்ணு கனமான காட்டன் ட்வில், மழைக்காலத்துக்கு. மூணாவது, சொன்னா நம்ப மாட்டீங்க, மெல்லிசான கம்பளி. நல்லா முறுக்கின நூல்ல, காத்து போற மாதிரி இடைவெளி விட்டு நெய்வாங்க. ஏசி ஓடற இடத்துல அதுக்கு ஈடு கிடையாது. கம்பளி தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை இழுத்துக்கிட்டும் தொட்டா ஈரமாத் தெரியாது. குளிர் நாட்டுக்குத்தான் கம்பளின்னு நினைக்கறது தப்பு.

லினனைப் பத்தி ஒரு வார்த்தை. அது கசங்கும். ஆளி நார் விறைப்பானது, பருத்தி மாதிரி வளைஞ்சு கொடுக்காது, மடிஞ்ச இடத்துல கோடு விழுந்துடும். ஆனா வேர்வையை உடனே இழுத்து, உடனே காஞ்சிடும். அந்தக் கசங்கலோடயே போட்டுக்கத் தெரிஞ்ச அன்னைக்குத்தான் எனக்கு என் உடுப்பு அமைஞ்சுது.

என் வழக்கம் இதுதான்: வடிவத்தை மாத்த மாட்டேன், துணியை மாத்துவேன். சாம்பல்வெயில் அக்கா, உங்களுக்கு வடிவமும் துணியும் நிறமும் ஒரே மூச்சுல மாறிடுச்சுன்னு அண்ணன் சொன்னதுதான் எனக்கும் தோணுது.

---

ஒற்றைத்தோள்
செவ்வாய், மதியம் 1:05

நான் மாறுபடறேன். கோபத்தோட இல்ல, அக்கறையோடதான்.

ரெண்டு பேரும் கோட்டை உங்க பக்கம் வளைக்கச் சொல்றாங்க. ஆனா சில உடைகள் நம்மளை மாறச் சொல்லும். அதுக்குத்தான் அந்த டிசைனர் வருஷக்கணக்கா உழைச்சிருப்பாங்க. ஜப்பான் டிசைனர் ரே கவாகுபோவை எடுத்துக்குங்க. 1969-ல காம் டெ கார்சோன்ங்கிற பிராண்டை ஆரம்பிச்சவங்க, 1981-ல பாரிஸ்ல முதல் தடவை காட்டினாங்க. அடுத்த வருஷம் ஓட்டை ஓட்டையா ஒரு கறுப்பு ஸ்வெட்டர். பின்னல் மெஷின் திருகைத் தளர்த்தி வேணும்னே உண்டாக்கின ஓட்டைகள். பார்த்தவங்க முகம் சுளிச்சாங்க. 1997 கோடைக்கான உடைகள்ல இடுப்பு, முதுகு, தோள்னு எதிர்பாராத இடத்துல பஞ்சு வச்சுத் திரட்டினாங்க. "உடம்பு எங்க முடியுது, உடுப்பு எங்க ஆரம்பிக்குது"ன்னு அதைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் நான் யோசிக்கவே ஆரம்பிச்சேன்.

என் கிட்ட ஒரு ஜாக்கெட் இருக்கு. இடது தோள் வலதை விட உயரமா வெட்டினது. போட்ட முதல் வாரம் கண்ணாடி முன்னாடி தோளை இறக்கி இறக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பை மாட்டினா நழுவும். மூணாவது வாரம், பையை வலது தோளுக்கு மாத்தினேன். நடை மாறுச்சு. தலையைக் கொஞ்சம் சாய்ச்சு நிக்க ஆரம்பிச்சேன். இப்போ அந்த ஜாக்கெட் இல்லாத நாள்லயும் அப்படித்தான் நிக்கறேன். என் ஸ்டைல்னு எல்லாரும் சொல்றது அந்த நிலைதான், அது அந்த டிசைனர் எனக்குக் கொடுத்தது.

தோழிக்கு ஒரு நாள் அடையாளம் தெரியலைன்னா அது நஷ்டம்தானா? பத்து தடவையாவது போட்டுப் பாருங்க. ஒரே நாள்ல முடிவு கட்டாதீங்க. கத்தரி எடுக்கறதுக்கு முன்னாடி கோட்டுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்க.

---

சாம்பல்வெயில்
செவ்வாய், இரவு 9:20

ஒற்றைத்தோள், நீங்க எழுதினதை நாலு தடவை படிச்சேன். பத்து தடவை போட்டுப் பார்க்கறேன், கண்டிப்பா. ரெண்டாவது நாளே தயங்கி மூலையில மாட்டி வச்சது என் தப்பு.

கத்தரிமேசை அண்ணா, பார்த்துட்டேன். கையில நாலு பட்டன், காஜா வெட்டல, சும்மா தைச்சது. லைனிங் குப்ரோன்னு லேபிள்ல போட்டிருக்கு, பட்டு மாதிரி வழவழன்னு இருக்கற துணி. கிள்ளிப் பார்த்தேன், நடுவுல ஒண்ணு தனியா நழுவுது.

---

கத்தரிமேசை
செவ்வாய், இரவு 10:02

நல்ல கோட்டு. நடுவுல நழுவறது கேன்வாஸ், ஒட்டாம தைச்சு வச்சிருக்காங்க. பசை வச்சு ஒட்டினதுன்னா முன் துணி விறைப்பா இருக்கும், ட்ரை க்ளீனிங் போகப் போக நெஞ்சுப் பக்கம் குமிழ் குமிழாக் கிளம்பும். கேன்வாஸ் தைச்சது போடப் போட உங்க நெஞ்சு வளைவுக்குப் படியும். அதனால ஒற்றைத்தோள் தங்கச்சி சொன்ன பத்து தடவைக்குத் தொழில் முறையிலயும் அர்த்தம் இருக்கு.

காஜா வெட்டாததும் நல்லதுக்குத்தான். கை இறக்கத்தை முனையிலிருந்தே குறைக்கலாம். வெட்டியிருந்தா தோள் பக்கம் கழட்டித்தான் ஏத்தணும், செலவும் அதிகம், கெட்டுப் போற வாய்ப்பும் அதிகம்.

தோளை மட்டும் தொடாதீங்க. பழகின டெய்லர் யாரும் இதையேதான் சொல்வார். தோளைக் குறைச்சா கை பொருந்தற வட்டம் மாறும், காலர் உட்காரும் இடம் மாறும், கடைசியில வேற கோட்டு ஆயிடும். அந்த அகலத் தோள்தான் அந்த டிசைனர் சொல்ல வந்த சேதி.

---

பழையபொத்தான்
புதன், காலை 8:48

இந்தப் பேச்சு என் மனசுக்கு நெருக்கமா இருக்கு. நான் டிசைனர் உடைகளை செகண்ட் ஹேண்ட்லதான் வாங்கறேன். சீசன் முடிஞ்சு பத்து, இருபது வருஷம் ஆனதுதான் என் கைக்கு வரும். அப்போ அது "இந்த சீசன் உடை"ங்கிற பேரு உதிர்ந்து போயிருக்கும். துணியும் வெட்டும் தையலும் மட்டும் மிச்சம். அதுக்கு மேலயும் பிடிச்சிருக்குன்னா, எனக்கு நிஜமாவே பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.

லேபிளைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பெல்ஜியம் டிசைனர் மார்ட்டின் மார்ஜியெலா 1988-ல தன் பிராண்டைத் தொடங்கினப்போ, லேபிள்ல பேரே போடல. வெறும் வெள்ளைத் துணி, நாலு மூலையிலயும் நாலு வெள்ளைத் தையல். லைனிங் இல்லாத உடைன்னா அந்த நாலு புள்ளியும் முதுகுப் பக்கம் வெளியிலேயே தெரியும். பேரை மறைக்கணும்னு வச்சதே தெரிஞ்சவங்களுக்குப் பெரிய அடையாளம் ஆயிடுச்சு. என் கிட்ட ஒரு சாம்பல் ஸ்வெட்டர் இருக்கு. நாலுல ஒரு தையல் அறுந்து மூணுதான் இருக்கு. முன்னாடி வச்சிருந்தவங்க பிரிக்கப் பார்த்து நிறுத்திட்டாங்க போல. நான் நாலாவதைத் தைக்கல. அந்தக் காலி மூலையைத் தடவிப் பார்க்கறப்போ எனக்கு முன்னாடி ஒருத்தர் இதைப் போட்டு நடந்தாங்கன்னு தோணும்.

ஷனெல் ட்வீட் ஜாக்கெட்டை உள்ள திருப்பிப் பார்த்திருக்கீங்களா? கீழ் ஓரத்துல லைனிங் மேல மெல்லிசா ஒரு உலோகச் சங்கிலி தைச்சிருப்பாங்க. அந்த ட்வீட் லேசா, தளர்வா நெய்த துணி. அந்தச் சங்கிலியோட கனம்தான் அதை நேரா விழ வைக்குது. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. டிசைனர் உடைன்னா எனக்கு அதுதான், போடறவங்களுக்கு மட்டும் தெரியற வேலை.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களுக்கு: கம்பளியை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க, பூச்சி அரிச்ச ஊசி ஓட்டை அப்போதான் தெரியும். அக்குள்ல லைனிங் இத்துப் போயிருக்கான்னு பாருங்க. அளவை லேபிளை நம்பி வாங்காதீங்க, தோளுக்குத் தோள், அக்குளுக்கு அக்குள் டேப் வச்சு அளந்து அனுப்பச் சொல்லுங்க. ஒரு தடவை ஆன்லைன்ல ஒருத்தர் கிட்ட அளவு கேக்காம காஷ்மியர் வாங்கி, வெந்நீர்ல துவைச்சுச் சுருங்கின துணி வந்து சேர்ந்தது. ஃபெல்ட் மாதிரி கெட்டியா இருந்தது. கம்பளி இழை ஒண்ணோட ஒண்ணு பின்னிப் போச்சுன்னா திரும்பப் பிரியாது. பணமும் திரும்பல.

---

மின்மினி
புதன், மதியம் 12:31

அக்கா, நிறத்தைப் பத்தி யாருமே பேசலையே? ஒட்டக நிறம் உங்க முகத்துக்கு எப்படி இருக்கு? எனக்கு அந்த நிறம் போட்டா காய்ச்சல் வந்த மாதிரி இருப்பேன்.

---

சாம்பல்வெயில்
புதன், மதியம் 12:50

அதே கதைதான் மின்மினி. கோட்டு அழகா இருக்கு, முகம் மங்கிப் போகுது. கழுத்தை ஒட்டி அந்தக் காலர் வர்றதாலன்னு நினைக்கறேன்.

---

நீலச்சாயம்
புதன், மாலை 5:40

நிறம் என் வேலை. சாயத் தொட்டியில பதினோரு வருஷம்.

மனுஷங்களை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்னு நாலு பெட்டியில போட்டு, இன்னாருக்கு இன்ன நிறம்னு பட்டியல் கொடுக்கற முறை ஒண்ணு இருக்கு. நிறைய பேருக்கு அது தைரியம் கொடுத்திருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா "நீங்க இலையுதிர், கருநீலம் ஆகாது"ன்னு யாராவது சொல்லிட்டா இருபது வருஷம் போட்ட நிறத்தை விட்டுடுவீங்களா? நிறங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியல் போடற பான்டோன் நிறுவனம் 2000-லிருந்து வருஷத்துக்கு ஒரு நிறம்னு அறிவிக்குது. 2023-க்கு விவா மெஜந்தா, 2024-க்குப் பீச் நிறம், 2025-க்கு மோக்கா மூஸ்ங்கிற காபிப் பழுப்பு. மெஜந்தாவுக்கும் பழுப்புக்கும் இடையில எவ்வளவு தூரம்! நம்ம தோல் நிறம் வருஷா வருஷம் அப்படி மாறறதில்லையே.

கண்ணாடியில முகத்துக்குக் கிட்ட இருக்கற துணியோட ஒளிதான் முகத்துல திரும்பி விழுது. தாடைக்கும் காலருக்கும் நடுவுல நாலு விரல் அகலத்துக்கு உங்க கருநீலம் வந்தாப் போதும், மத்த இடமெல்லாம் ஒட்டகமே இருக்கலாம். ஸ்கார்ஃப் வேண்டாம்னா, கழுத்து ஒட்டின கருநீலப் பின்னல் உடை ஒண்ணு உள்ள போட்டுப் பாருங்க. ஆனா ஜன்னல் பக்கம் நின்னு பகல் வெளிச்சத்துல பாருங்க. கடை விளக்குல ஒரே மாதிரி தெரியற ரெண்டு கருநீலம், வெளிய வந்தா ஒண்ணு ஊதாவாவும் ஒண்ணு பச்சையாவும் பிரியும். சாயக் கலவை வேறயா இருந்தா அப்படித்தான் ஆகும்.

---

அளவுகோல்
புதன், இரவு 9:15

எல்லாரும் நிதானமா பேசறீங்க, ஆனா அடிப்படையை ஒரு தடவை கேட்டுடலாமா? சீசன் மாறும்போதெல்லாம் வடிவம் எதுக்கு மாறணும்? போன வருஷம் ஒட்டின தோள், இந்த வருஷம் மலை மாதிரி தோள். இது விக்கறதுக்கான ஏற்பாடுதானே?

---

ஒற்றைத்தோள்
புதன், இரவு 10:10

விக்கற ஏற்பாடும் உண்டு, மறுக்கல. அதுக்கு மேலயும் ஒண்ணு உண்டு. 1947 பிப்ரவரி 12, கிறிஸ்டியன் டியோரோட முதல் ஷோ. போர்க்காலம் முழுக்கத் துணிக்கு ரேஷன், குட்டைப் பாவாடை, சதுரத் தோள். அதுக்கு அப்புறம் வந்தது குறுகின இடுப்பு, உருண்ட தோள், மீட்டர் கணக்குல துணி சுத்தின கெண்டைக்கால் வரை பாவாடை. பார்த்த ஃபேஷன் பத்திரிகை ஆசிரியர் கார்மெல் ஸ்னோ "நியூ லுக்"னு சொன்னது அப்படியே பேரா நின்னுடுச்சு. பிரிட்டன்ல துணி ரேஷன் 1949 வரைக்கும் இருந்துச்சு, அதனால நிறைய பேருக்கு அந்தப் பாவாடையைப் பார்த்துக் கோபம் வந்தது. ஏங்கினவங்களும் அதே அளவு இருந்தாங்க. ரெண்டு உணர்ச்சியும் நிஜம். ஒரு பாவாடை நீளம் அவ்வளவையும் கிளறிச்சுன்னா, வடிவ மாற்றம் வெறும் வியாபாரம்னு ஒதுக்க என்னால முடியல.

---

கத்தரிமேசை
புதன், இரவு 10:48

போர் தொடங்கினப்போ தன் ஃபேஷன் ஹவுஸை மூடின கோகோ ஷனெல், அதுக்குப் பதில் சொன்ன மாதிரிதான் திரும்ப வந்தாங்க. 1954, அப்போ வயசு 70. இறுக்கின இடுப்புக்கு நேர் எதிரா, கார்டிகன் மாதிரி லேசான ஜாக்கெட். அதோட ரகசியம் அக்குள் வெட்டுல இருக்கு. அக்குள் வட்டத்தைச் சின்னதா, மேல ஏத்தி வெட்டினா கையைத் தூக்கும்போது கை மட்டும் தூக்கும், ஜாக்கெட் உடம்போட நிக்கும். பெருசா, தளர்வா வெட்டினா வசதின்னு நினைப்போம், ஆனா கையைத் தூக்கினா மொத்த ஜாக்கெட்டும் கூடவே ஏறும். தொழிலுக்கு வந்த புதுசுல எனக்கு இது புரியவே இல்ல. என் மேஸ்திரி ஒரே துணியில ரெண்டு விதமாவும் வெட்டித் தைச்சு, ரெண்டையும் மாத்தி மாத்திப் போட வச்சு, அலமாரி மேல் தட்டுல இருக்கற நூல்கண்டை எடுன்னார். எடுத்தப்போதான் புரிஞ்சுது.

அளவுகோல் தம்பி, போடறவங்க கை எந்த உயரம் வரைக்கும் போகணும்னு டியோர் ஒரு மாதிரி நினைச்சார், ஷனெல் வேற மாதிரி நினைச்சாங்க. ரெண்டுல எது உங்களுதுன்னு தெரிஞ்சாலே கடையில பாதி உடைகளைத் தாண்டிப் போயிடலாம்.

---

அளவுகோல்
புதன், இரவு 11:03

இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்ல அண்ணா. இருக்கற ஜாக்கெட்டைப் போட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தேன். முழுசா ஏறுது.

---

முன்திறப்பு
வியாழன், காலை 7:22

உயரத்துக்குக் கை போறதைப் பத்திப் பேசினதால எழுதறேன். மூணு வருஷம் முன்னாடி மார்புல அறுவை சிகிச்சை. இடது கை தோளுக்கு மேல வராது. தலை வழியா மாட்டற எதையும் போட முடியாதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு அலமாரி முன்னாடி உட்கார்ந்து அழுதேன். அதுல பாதிக்கு மேல தலை வழியா போடறதுதான்.

தோழி ஒருத்தி ராப் டிரெஸ் ஒண்ணு கொண்டு வந்தா. டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் 1974-ல கொண்டு வந்த அந்த வடிவம்: ஜெர்சித் துணி, ஜிப் இல்ல, பட்டன் இல்ல, முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணு போர்த்தி இடுப்புல முடிச்சு. உட்கார்ந்துக்கிட்டே, யார் உதவியும் இல்லாம போட்டேன். இறுக்கமும் தளர்வும் என் கையில இருந்தது. வீக்கம் இருக்கற நாள்ல தளர்த்திக்கலாம்.

அதிலிருந்து என் உடை எல்லாமே முன்பக்கம் திறக்கறதுதான். கோடையில மெல்லிசு காட்டன் ராப், குளிர்ல அதே முடிச்சு வர்ற கம்பளிக் கோட்டு, மழைக்கு கேபர்டீன் துணியில ட்ரெஞ்ச் கோட்டு. கேபர்டீன் 1879-ல தாமஸ் பர்பெரி உருவாக்கினது, நெய்யறதுக்கு முன்னாடியே நூலுக்கு நீர் ஒட்டாத பக்குவம் கொடுத்தாங்க. லேசு, காத்தும் போகும். அதோட பெல்ட்டை நான் பக்கிள்ல மாட்டறதே இல்ல, ஒரு பக்கமா முடிஞ்சுதான் விடுவேன். எல்லாரும் அதை என் ஸ்டைல்ங்கறாங்க. ஆமா, என்னுதுதான்.

சாம்பல்வெயில், உங்க மடிச்ச கையும் இங்க் கறையிலிருந்து வந்ததுதானே. அதை விட்டுடாதீங்க.

---

சாம்பல்வெயில்
வியாழன், காலை 7:40

முன்திறப்பு அக்கா, வேலைக்குக் கிளம்பற அவசரத்துல இருக்கேன், ஆனா பதில் எழுதாம போக முடியல. நன்றி. அந்த முடிச்சை ஒரு நாள் பார்க்கணும்.

---

மடிப்பு_மடிப்பு
வியாழன், மாலை 6:05

நான் சுருக்கமா சொல்லிடறேன். சீசனுக்கு சீசன் அலமாரியை மாத்த முடியாதவங்க ஜப்பான் டிசைனர் இஸ்ஸே மியாகேவோட ப்ளீட்ஸ் ப்ளீஸ்ங்கிற மடிப்பு உடைகளைப் பாருங்க, 1993-லிருந்து வருது. வழக்கமா துணியில மடிப்பு எடுத்துட்டு அப்புறம் தைப்பாங்க. இவங்க தலைகீழ். பல மடங்கு பெருசா வெட்டி, முழு உடையையும் தைச்சு முடிச்சு, காகிதத்துக்கு நடுவுல வச்சுச் சூட்டுல அழுத்துவாங்க. பாலியஸ்டர் சூட்டுல எடுத்த வடிவத்தை ஞாபகம் வச்சுக்கும், அதனால துவைச்சாலும் மடிப்பு போகாது. இஸ்திரி வேண்டாம், சுருட்டிப் பையில போடலாம். வெயில்ல தனியா, குளிர்ல கம்பளிக்கு உள்ளன்னு ஒரே கால்சட்டையை ஒன்பது வருஷமா போடறேன். அக்கா கோட்டுக்குக் கீழ கருநீலத்துல இது ஒண்ணு போட்டா, அந்த அகலத் தோளுக்கு நேர் எதிரா ஒல்லியான நேர்க்கோடு விழும்.

நியூயார்க் ஃபேஷன் பிரபலம் ஐரிஸ் ஆப்ஃபெலை நினைச்சுக்குவேன். பெரிய டிசைனர் உடை மேல சந்தையில வாங்கின மணிமாலையை அடுக்கு அடுக்காப் போட்டவங்க. 2005-ல அவங்க சொந்த உடைகளை வச்சே நியூயார்க் மெட் மியூசியம் கண்காட்சி நடத்துச்சு, அப்போ அவங்களுக்கு 84. எந்த டிசைனரா இருந்தாலும் அவங்களோட அந்த வட்டக் கண்ணாடி மாறினதில்ல.

---

சாம்பல்வெயில்
அடுத்த மாதம், ஞாயிறு, மாலை 4:30

திரும்ப வந்துட்டேன். பத்து தடவை போடச் சொன்னீங்க, பதினாலு தடவை போட்டேன். எண்ணி வச்சிருக்கேன்.

ஒற்றைத்தோள், உங்க பேச்சு பாதி நடந்துச்சு. தோள் என்னுதாயிடுச்சு. ஆறாவது, ஏழாவது நாள் வாக்குல நிமிர்ந்து நடக்க ஆரம்பிச்சேன், இல்லன்னா அந்தத் தோள் தொங்கிப் போகுது. வரைபலகை முன்னாடி குனிஞ்சே இருந்தவளுக்கு அது பெரிய விஷயம்.

ஆனா கை மட்டும் கடைசி வரைக்கும் ஒத்து வரல. எதை எடுத்தாலும் துணி முன்னாடி வந்து நின்னுச்சு. நானே அறியாம மடிச்சு மடிச்சு விட்டேன், கோட்டுக் கனத்துக்கு நிக்காம திரும்ப விழுந்துடும்.

அதனால கத்தரிமேசை அண்ணா சொன்ன மாதிரி டெய்லர் கிட்ட போனேன். கையில நாலு சென்டிமீட்டர் குறைச்சோம். கை முனையில அஞ்சு விரக்கடை உயரத்துக்குப் பழைய லைனிங்கைப் பிரிச்சு, அந்த இடத்துல கருநீலக் கம்பளி வச்சுத் தைச்சார். இப்போ வெளிய மடிச்சா கருநீலக் கஃப் தெரியும், மடிக்கலன்னா ஒண்ணுமே தெரியாது, டிசைனர் வெட்டின கோட்டு அப்படியே இருக்கும். மடிப்பு நிக்கறதுக்கு உள்ள ரெண்டு புள்ளித் தையல், வேணும்னா பிரிச்சுக்கலாம். கழுத்துக்கு நீலச்சாயம் சொன்ன மாதிரி உள்ள கருநீலப் பின்னல் உடை. ஜன்னல் பக்கம் நின்னுதான் ரெண்டு நீலத்தையும் சேர்த்தேன். முதல்ல எடுத்தது ஊதா அடிச்சுது, மாத்தினேன்.

தோளைத் தொடல. பட்டனையும் மாத்தல, அதையேதான் திரும்பத் தைச்சது.

இப்போ இன்னொரு கேள்வி. குளிர் முடியப் போகுது. இதை எப்படி எடுத்து வைக்கறது?

---

பழையபொத்தான்
ஞாயிறு, மாலை 5:12

படிக்கப் படிக்க அந்தக் கஃப் கண்ணு முன்னாடி தெரியுது.

எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா சுத்தம் பண்ணுங்க. அரிக்கறது பறக்கற பூச்சி இல்ல, அதோட புழு. கம்பளியில இருக்கற கெரட்டின்ங்கிற புரதம்தான் அதுக்குச் சாப்பாடு, வேர்வையும் எண்ணெய்ப் பசையும் பட்ட இடம்னா இன்னும் இஷ்டம். காலரும் அக்குளும்தான் முதல்ல போகும். அகலமான மர ஹேங்கர்ல மாட்டுங்க, கம்பி ஹேங்கர் அந்தத் தோளைக் குத்திக் கெடுத்துடும். ட்ரை க்ளீனர் கொடுக்கற பிளாஸ்டிக் உறையைக் கழட்டிட்டுத் துணி உறை போடுங்க. தேவதாரு மரத்துண்டு வைக்கலாம், ஆனா வாசனை குறைஞ்சா லேசா உரசி விடணும். ஏற்கனவே பூச்சி இருக்கற அலமாரின்னா அதை மட்டும் நம்பாதீங்க.

கையிலிருந்து வெட்டின துணியும் பிரிச்ச லைனிங்கும் டெய்லர் கிட்ட விட்டுட்டு வந்துடலயே? பின்னால பூச்சி அரிச்சாலோ கிழிஞ்சாலோ அதே துணியில ஒட்டுப் போட அது வேணும்.

---

சாம்பல்வெயில்
ஞாயிறு, மாலை 5:20

கேட்டு வாங்கி வந்துட்டேன். நாலு சென்டிமீட்டர் அகலத்துல ரெண்டு வளையம், லைனிங் ரெண்டு துண்டு, நாலு நாலு பட்டன் கழட்டித் திரும்பத் தைச்சதுல மிச்சமான நூல். எல்லாம் ஒரு சின்னப் பையில போட்டு, கோட்டோட உள் பாக்கெட்லயே வச்சிருக்கேன்.

---

கத்தரிமேசை
ஞாயிறு, இரவு 8:05

பாக்கெட்ல வேண்டாம் தங்கச்சி. அந்தக் கனத்துக்கு ஒரு பக்கம் இழுத்துக்கும். ஹேங்கர் கழுத்துல கட்டித் தொங்க விடுங்க.

---

சாம்பல்வெயில்
ஞாயிறு, இரவு 8:11

கட்டிட்டேன் அண்ணா.